நூலகத் தந்தையும் நான் திருப்பித் தராத புத்தகமும்

மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணா ஒருவர் போன மாதம் போன் பண்ணினார். இந்தத் தடவை நீ கட்டாயம் ஒரு கட்டுரை எழுதித் தரணும், ஆனால் ஹாஸ்டல் மெஸ் சாம்பார் பற்றி மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே ஏழு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். சரிண்ணா என்று சொல்லிவிட்டேனே தவிர, எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விஷயம் பரண் மேல் இருந்து வந்தது.

நான் 2006-இல் சேர்ந்து 2010-இல் வெளியே வந்த சிவில் மாணவன். பதினைந்து வருஷமாக ஊர் ஊராக வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் எனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோனேன். சாமான்களைப் பிரித்து அடுக்கும்போது ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து என் மனைவி ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து நீட்டினாள். மண் இயக்கவியல் பாடப்புத்தகம். நாமெல்லாம் சாயில் மெக்கானிக்ஸ் என்று பயந்து பயந்து படித்தோமே, அதேதான். உள்ளே நம் கல்லூரி நூலகத்தின் ஊதா முத்திரை. இது உங்க காலேஜ் புத்தகமாச்சே, எப்படி நம்ம வீட்டுக்கு வந்தது என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கடைசி செமஸ்டர் முடிந்து நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, புத்தகம் தொலைந்துவிட்டது சார் என்று நூலகரிடம் சொன்னேன். தொலையவில்லை. என் டிரங்குப் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. கடையில் கிடைக்காத பதிப்பு, பின்னால் உதவும் என்று ஒரு ஆசை. நூலகர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. விலையும் அபராதமும் போட்டு ரசீது எழுதினார், நான் பணத்தைக் கட்டினேன். கட்டின பணத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அதே வாரம் புது வீட்டுக்கு முதல் சொத்து வரி ரசீது வந்தது. அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. நான் எந்த நூலகத்துக்குப் போனேன், எனக்கு எதற்கு நூலக வரி என்று கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. யார் இதை ஆரம்பித்து வைத்தது என்று தேடிப் பார்த்தேன். ஒரு பெயர் வந்தது. சீர்காழி இராமாமிர்தம் ரங்கநாதன். பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். படிக்க ஆரம்பித்த பிறகு, வரி ரசீதையும் மறந்துபோனேன், எரிச்சலையும் மறந்துபோனேன். பரண் புத்தகம் மட்டும் உறுத்த ஆரம்பித்தது.

சீர்காழிப் பையன்

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். அப்பா இராமாமிர்த ஐயர். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உட்காரவைத்து இராமாயணம் படித்து விளக்கம் சொல்லக்கூடியவர். பையனுக்கு ஆறு வயது ஆகும்போதே அவர் காலமாகிவிட்டார். அம்மா சீதாலட்சுமி. தாய்வழித் தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். அந்தத் தாத்தாவின் நிழலில்தான் பையன் வளர்ந்தான்.

சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். 1913-இல் பி.ஏ., 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. அங்கே எட்வர்ட் ராஸ் என்று ஒரு கணிதப் பேராசிரியர். ரங்கநாதனுக்கு அவர்தான் கடைசி வரை குரு. இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் மறுபடியும் வருவார்.

படிப்பு முடிந்ததும் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. 1917-லிருந்து மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணித ஆசிரியர் வேலை. இவருக்குத் திக்குவாய் உண்டு. பேச வராத ஒருவர் வாத்தியார் வேலைக்குப் போய், முயற்சி செய்து அதைக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்பதைத் தற்போதைய மாணவர்கள் கவனிக்கவும். வைவா என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற நம் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஓட நினைத்த நூலகர்

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்தை ஒழுங்கு செய்ய ஒரு நூலகர் பதவியை உண்டாக்கியது. நல்ல சம்பளம். சுமார் 900 பேர் விண்ணப்பம் போட்டார்கள். அதில் ஒருத்தருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு அதை மறந்தே போனார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றி இருந்த கட்டுரையைப் படித்துக்கொண்டு போனாராம். செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் புத்தகத்தைத் திறந்த பரம்பரை நாம். இந்த இடத்தில் மகான் நம்ம ஆள்தான் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே தாங்கவில்லை. வகுப்பில் நாலு பையன்களோடு சத்தமாகக் கணக்குப் போட்டுப் பழகினவருக்கு, அந்த அமைதியில் மூச்சு முட்டியது. வாசகர் யாரும் வருவதில்லை. புத்தகங்கள் இருக்கின்றன, பூட்டு இருக்கிறது, காவலுக்கு ஒரு நூலகர் இருக்கிறார். அவ்வளவுதான். நேராகப் போய், எனக்குப் பழைய வாத்தியார் வேலையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

அப்போது ஒரு ஏற்பாடு செய்தார்கள். முதலில் லண்டன் போய் நூலக வேலையைப் படித்துவிட்டு வா, வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித ஆசிரியர் வேலை உனக்கே என்றார்கள். இந்த இடத்தில் அவர் பிடிவாதமாக மறுத்திருந்தால், நமக்கு ஒரு நல்ல கணித வாத்தியார் மட்டும் கிடைத்திருப்பார்.

லண்டனில் கண்டது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் படிப்பு. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் ஆசிரியர். குராய்டன் நகரப் பொது நூலகத்தை நடத்தியவர். பரீட்சையில் ரங்கநாதன் வாங்கினது சராசரியை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் மனுஷர் வகுப்பில் உட்கார்ந்திருந்ததை விட, ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்ததுதான் அதிகம். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது கட்டிடம் இல்லை, ஆட்கள். தொழிலாளி வேலை முடிந்து நேரே நூலகத்துக்கு வருகிறான். குழந்தைகளுக்குத் தனி இடம், கதை சொல்ல ஆள். வீட்டுப் பெண்கள் கூடையோடு வந்து புத்தகம் மாற்றிக்கொண்டு போகிறார்கள். எல்லாம் ஊர்க்காரர்கள் கட்டும் வரியில் நடக்கிறது. யாரும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். நம் ஊரில் புத்தகம் என்றால் படித்தவர்கள் சொத்து. இங்கே அது குடிதண்ணீர்க் குழாய் மாதிரி எல்லோருக்கும் பொது. இதைப் பார்த்த பிறகு கணித ஆசிரியர் வேலை அவருக்கு ஞாபகமே வரவில்லை.

ஆனால் அதே பயணத்தில் ஒன்றையும் கவனித்தார். நூலகம் ஒவ்வொன்றும் புத்தகத்தை ஒவ்வொரு விதமாக அடுக்குகிறது. புதிதாக ஒரு விஷயம் பிறந்தால் அதை எங்கே வைப்பது என்று குழப்பம். இந்தக் குழப்பத்துக்கு அவர் கண்டுபிடித்த விடையில் நம் துறை வாசனை அடிக்கிறது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

1925-இல் சென்னை திரும்பினார். வந்ததும் செய்த பெரிய காரியம், வாசகரை அலமாரி வரைக்கும் உள்ளே விட்டது. அதுவரை சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தால் சிப்பந்தி உள்ளே போய் எடுத்து வருவார். இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்வதுதான் முடிவு. ரங்கநாதன் கதவைத் திறந்துவிட்டார். நீங்களே போய்ப் பாருங்கள், புரட்டுங்கள், வேண்டியதை எடுங்கள் என்றார். புத்தகம் காணாமல் போகுமே என்று பயந்தவர்கள் உண்டு. போகத்தான் செய்யும், ஆனால் பூட்டி வைத்தால் எல்லாப் புத்தகமுமே காணாமல் போனதற்குச் சமம் என்பது அவர் கட்சி. இந்த இடத்தைப் படிக்கும்போது பரண் பக்கம் என் கண் போனது.

ஐந்து விதிகள்

1928 ரங்கநாதன் வாழ்க்கையில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து வந்த வருஷம். அந்த வருஷத் தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அவர்தான் செயலாளர். அதே வருஷம் அவர் மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் இறந்துபோனார். அதே வருஷம்தான் நூலக வேலைக்கெல்லாம் அடிப்படையாக ஏதாவது விதி இருக்க முடியுமா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் இல்லையா, ஒவ்வொரு நூலகத்திலும் பார்த்த நூறு பழக்கவழக்கங்களை நாலைந்து சூத்திரத்துக்குள் அடக்க வேண்டும் அவருக்கு. முதல் விதி பிடிபடாமல் தவித்தபோது, பேச்சுவாக்கில் அதை எடுத்துக் கொடுத்தவர் பழைய குரு ராஸ். அது கிடைத்ததும் மீதி நாலும் தானாக வரிசையில் வந்து நின்றன. 1931-இல் புத்தகமாக வந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் நூலக இயல் படித்தாலும் அந்த ஐந்தைப் படிக்காமல் தப்ப முடியாது.

அவற்றை என் பாஷையில் சொல்கிறேன். முதலாவது, புத்தகத்தின் வேலை படிக்கப்படுவது, பாதுகாக்கப்படுவது அல்ல. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் நூலகத்தை ஊருக்கு வெளியே கட்ட முடியாது, உயரமான அலமாரி போட முடியாது, சாயந்திரம் ஐந்து மணிக்குப் பூட்ட முடியாது. நம் காலத்தில் லேப் முடிவது நாலே முக்காலுக்கு, நூலகம் மூடுவது ஐந்துக்கு. மூச்சிரைக்க ஓடிப்போய்க் கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பின நாட்கள் எத்தனை!

இரண்டாவது, யார் வந்தாலும் அவருக்கான புத்தகம் அங்கே இருக்க வேண்டும். பேராசிரியருக்கு மட்டும் இல்லை, விவசாயிக்கும், கைதிக்கும், கண் தெரியாதவருக்கும்.

மூன்றாவதுதான் என்னைப் பிடித்த விதி. எந்தப் புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு வாசகர் இருக்கிறார், அவர் கைக்கு அதைச் சேர்ப்பது நூலகத்தின் பொறுப்பு. அதாவது தேடி அலைவது வாசகர் மட்டும் இல்லை, புத்தகமும்தான் தன் ஆளைத் தேடுகிறது.

நான்காவது, வருகிறவர் நேரத்தை வீணாக்காதே. அடையாளப் பலகை, அட்டவணை, அலமாரி வரிசை, கவுண்டரில் ஆள் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான். சைட்டில் சிமெண்டு ஒரு மூலையிலும் மணல் இன்னொரு மூலையிலும் கொட்டிவைத்தால் கொத்தனார் நடந்தே ஓய்ந்துபோவார். அதே கணக்குதான்.

ஐந்தாவது, நூலகம் கட்டி முடிந்துவிட்டது என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. புத்தகம் கூடும், ஆள் கூடும், விஷயம் கூடும். அதற்கு இடம் விட்டுத்தான் முதலிலேயே திட்டம் போட வேண்டும். மேல் மாடி வரும் என்று தெரிந்தால் அஸ்திவாரத்தை அதற்குத் தகுந்தாற்போல் போடுவோமே, அப்படி. சொன்னபடியே 1936-இல் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேப்பாக்கத்தில் கடற்கரைச் சாலையில் தனிக் கட்டிடமும் வந்தது.

மெக்கானோ பெட்டி

இப்போது முன்னே சொன்ன குழப்பத்துக்கு வருவோம். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் ரங்கநாதன் ஒரு பொம்மையைப் பார்த்தார். மெக்கானோ. துளை போட்ட தகடு, சக்கரம், திருகு, நட்டு. ஒரே பெட்டிச் சாமானை வைத்து ஒரு நேரம் கிரேன், ஒரு நேரம் பாலம், ஒரு நேரம் வண்டி. அதைப் பார்த்ததும் மண்டையில் விளக்கு எரிந்தது.

அதுவரை உலகத்தில் புழங்கியது 1876-இல் அமெரிக்கரான மெல்வில் டூயி கொண்டுவந்த தசம முறை. அதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு எண் ரெடிமேடாகப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாத விஷயம் வந்தால் திண்டாட்டம். ரங்கநாதன் என்ன செய்தார் என்றால், முழு விஷயத்துக்கு எண் கொடுப்பதை விட்டுவிட்டு, உதிரி பாகங்களுக்குக் கொடுத்தார். ஒரு புத்தகம் எதைப் பற்றியது, என்ன பொருள், அதற்கு என்ன நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம். நெல்லில் வரும் நோய், அதற்கு மருந்து, தஞ்சாவூர், 1950-கள் என்றால் நாலு பாகத்தையும் தனித்தனியாக எடுத்து, நிறுத்தக்குறி போட்டு முடுக்கிவிட வேண்டியதுதான். அந்த நிறுத்தக்குறி முக்காற்புள்ளி. அதனால்தான் அதற்குக் கோலன் பகுப்பு என்று பேர். 1933-இல் வெளிவந்தது.

உண்மையைச் சொன்னால், இன்றைக்கு நம் நாட்டிலேயே பெரும்பாலான நூலகங்கள் டூயி முறையைத்தான் வைத்திருக்கின்றன. கோலன் பழகக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் அந்த யோசனை சாகவில்லை. இணையக் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், துணி, விலை என்று தனித்தனியாகக் குறித்து வடிகட்டுகிறோமே, அது அதே மெக்கானோ பெட்டிதான்.

மாட்டு வண்டியும் சட்டமும்

புத்தகத்தை அடுக்கியாயிற்று, கதவைத் திறந்தாயிற்று. ஆனால் நூலகம் சென்னையில் இருக்கிறது, ஜனங்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். முதல் விதிப்படி இது தப்பு. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் இருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் வடிவமைத்தது. வண்டி நிறையப் புத்தகம். சுற்றுக் கிராமங்களுக்குப் போய் நிற்கும், படிக்கத் தெரிந்தவர் எடுத்துப் படிக்கலாம், தெரியாதவருக்குப் படித்துக் காட்டவும் ஆள். டெல்டா மண் ரோட்டில் பெட்ரோல் இல்லாமல் ஓடின நடமாடும் நூலகம்! ரங்கநாதனும் அவர் சங்கமும் தட்டி எழுப்பிய இயக்கத்தில் விளைந்தது அது.

ஆனால் இப்படி ஒவ்வொரு நல்ல மனுஷரையும் நம்பி ஊர் பூராவும் நூலகம் வராது என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். நன்கொடையில் ஆரம்பித்தது, கொடுத்தவர் காலத்தோடு முடிந்துபோகும். நிரந்தர வருமானம் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வைத்துவிட்டார். 1933-இல் சென்னை சட்ட மேலவையில் பஷீர் அகமது சயீத் அதை மசோதாவாகக் கொண்டுவந்தார். வரி போடுவதா என்ற கேள்வியில் தட்டிப்போயிற்று.

நம்மில் பலர் ஒரு டெண்டர் கைவிட்டுப்போனாலே ஒரு மாதம் துவண்டு கிடப்போம். மனுஷர் பதினைந்து வருஷம் விடவில்லை. ஒவ்வொரு அமைச்சராகப் பார்த்தார், ஒவ்வொரு மாநாட்டிலும் பேசினார், வரைவைத் திருத்தித் திருத்தி எழுதினார். கடைசியில் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. 1950-இல் எழும்பூர் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆயிற்று. 1896-இல் திறந்த அந்தக் கட்டிடத்துக்கு அப்போதுதான் மாநிலம் பூராவும் கிளைகள் முளைக்க ஆரம்பித்தன.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நான் கல்லூரியை விட்ட 2010-லேயே கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு அந்த மேஜையும் மின்விசிறியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். என் ரசீதில் இருந்த நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அந்தப் பத்துக் காசில்தான் அந்த விசிறி சுற்றுகிறது. எரிச்சல்பட்டதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஓய்வு இல்லாத மனுஷர்

சென்னையில் இருபது வருஷம் வேலை பார்த்தார், விடுமுறை எடுக்கவே இல்லை என்பார்கள். 1929-இல் சாரதாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கும் சடங்கு முடிந்ததும் நூலகத்துக்கு வந்துவிட்டாராம். அந்த அம்மாவின் பொறுமைக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்க வேண்டும். கூட வேலை பார்த்தவர்களிடமும் கறார் பேர்வழி. நிர்வாகத்தோடு உரசல் வந்து 1945-இல் சென்னையை விட்டுக் கிளம்பிக் காசி இந்துப் பல்கலைக்கழகம் போனார். அங்கே ஒரு லட்சம் புத்தகங்களைப் புதிதாகப் பகுத்து அடுக்கினார். பிறகு டில்லிப் பல்கலைக்கழகம், பிறகு சில வருஷம் சுவிட்சர்லாந்தில் சூரிச்சில் எழுத்து வேலை.

1957-இல் பத்மஸ்ரீ. 1962-இல் பெங்களூரில் ஆவணத் துறைக்கு ஒரு ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். எளிய உடுப்பு, எளிய சாப்பாடு. சேர்த்து வைத்த ஒரு லட்சம் ரூபாயை, உரசிக்கொண்டு விட்டுவந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, நூலக இயலுக்கு மனைவி பேரில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். 1950-களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். அவர் பிறந்த நாள் என்று ஆகஸ்டு 12-ஐ இன்று நூலகர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மறுபடியும் அந்தப் புத்தகம்

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு ராத்திரி அந்த மண் இயக்கவியல் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தேன். தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. வரிசையாக முத்திரைகள். பதினைந்து நாளுக்கு ஒன்று, சில மாதங்களில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. ஒருத்தன் திருப்பித் தந்ததும் அடுத்தவன் கையில் போயிருக்கிறது. எத்தனை செட்டு அண்ணன்மார், அக்காமார் அதைப் புரட்டிப் பாஸ் பண்ணியிருப்பார்கள்! ஒரு பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு கணக்கைப் போட்டுத் தப்பைத் திருத்தி வைத்திருந்தார்கள். நான் அரியர் இல்லாமல் தேறினதே அந்தப் பென்சில் கணக்கின் புண்ணியத்தில்தான்.

கடைசி முத்திரை 2010-இல் என்னுடையது. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள்.

பின்னால் உதவும் என்று எடுத்த புத்தகத்தை இந்தப் பதினைந்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. விலையையும் அபராதத்தையும் கட்டினேன், சரி. ஆனால் அந்த ரசீது புத்தகத்தை அலமாரிக்குத் திருப்பி அனுப்பவில்லையே. எனக்கு அடுத்து வந்தவன் கையை நீட்டின இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அவன் யாரென்று எனக்குத் தெரியாது. மூன்றாவது விதி சொல்கிற அந்த வாசகன் அவன்தான். ரங்கநாதன் அலமாரியைத் திறந்துவிட்டது நம்மை நம்பித்தான். அந்த நம்பிக்கைக்குத்தான் நான் அபராதம் கட்டவில்லை.

இந்த மறுசந்திப்புக்கு வரும்போது புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். பைண்டிங் விட்டிருந்ததைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அந்த நூலகர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விழாவுக்கு வந்தால் அவர் கையிலேயே கொடுத்து, சார், தொலையவில்லை சார் என்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்காததற்குக் காரணம், அவருக்கு அப்போதே தெரியும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்களே, உங்கள் பரணையும் ஒரு தடவை பாருங்கள். ஊதா முத்திரை போட்ட புத்தகம் ஏதாவது இருந்தால் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதோடு சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் திரட்டும் நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வளைவை நானே இலவசமாக டிசைன் பண்ணித் தருகிறேன், ஆனால் அடுத்த வருஷம் கட்டுவோம். இந்த வருஷப் பணத்தில் நூலகத்தை ராத்திரி ஒன்பது மணி வரை திறந்து வைக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்போம். லேப் முடிந்து மூச்சிரைக்க ஓடி வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் கதவு திறந்திருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, அந்தப் புத்தகம் இனி உங்களுடையது. பென்சில் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், தேடிக் கண்டுபிடியுங்கள். படித்து முடித்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருத்தர் நிற்கிறார்.

வணக்கம். விழாவில் சந்திப்போம்.

— ஒரு பழைய மாணவன், சிவில், 2006–2010